சுவர் விளிம்பில் நாலு துண்டுப் பலகாரம்

1

இடுகாட்டு விதிகளின் பிரிவு மூன்று இப்படிச் சொல்கிறது: "மாடத்தின் உரிமையாளர் காலமாகியிருந்தால், நிர்வாகத்தின் அறிவித்தல்கள் யாவும் அவருடைய நெருங்கிய உரித்தாளருக்கே அனுப்பப்படுதல் வேண்டும்." நல்ல விதி. மயக்கமில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்கிற அரச செயலகத்தில் இலிகிதராகவும், ரொறன்ரோவுக்கு வந்தபின் ஓய்வுபெறும்வரை ஒரு காப்புறுதிக் கம்பனியின் கோரிக்கைப் பிரிவிலும் விதிகளோடேயே குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில், அதை எழுதியவரை மெச்சுகிறேன்.

ஆனால் கடந்த ஒக்ரோபரில் அந்தச் சேமக்காலை நிர்வாகம் அனுப்பிய கடிதம் என் மனைவி மங்கையர்க்கரசியின் பெயருக்கு வந்தது. அவள் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகவிருந்தது.

"அன்புள்ள திருமதி மங்கையர்க்கரசி, உங்கள் மாடத்தின் முன்னால் உணவுப் பொருள் காணப்பட்டது" என்று கடிதம் தொடங்கியது. பிரிவு பதினொன்றின்படி பூக்களைத் தவிர வேறெதுவும் அங்கே வைக்கக்கூடாது. மறுபடியும் காணப்பட்டால் அந்த வரிசை முழுவதற்கும் உரிய கல் விளிம்பு கழற்றப்படும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. படம் ஒன்றும் இணைத்திருந்தார்கள்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு மாடம் என்னவென்று சொல்லவேண்டும். தபாற்கந்தோரில் தனியார் பெட்டிகள் வரிசையாக இருக்குமே, அப்படி ஒரு கருங்கற் சுவர். பெட்டிக்குள் ஒருவருடைய சாம்பல், முகப்பில் பெயர், வரிசைக்குக் கீழே பூ வைப்பதற்கு ஒரு சாண் அகலக் கல் விளிம்பு. எங்கள் ஆட்களுக்கு இது பழக்கமில்லாத காரியம். எரித்து, கீரிமலைக் கடலில் கரைத்து, வீட்டுக்கு வந்து முழுகுவதோடு எங்களுக்கு வேலை முடிந்துவிடும். மங்கை உயிரோடிருக்கும்போதே, தன் பெயரில், என்னைக் கேளாமல் இந்தப் பெட்டியை எடுத்து வைத்திருந்தாள். தெரிய வந்த அன்று சண்டை பிடித்தேன்.

"எங்கடை சமயத்தில உது இல்லை," என்றேன்.

"இஞ்சையிருந்து கீரிமலைக்கு பஸ் இல்லை," என்றாள். "உங்களுக்கு லைசென்சும் இல்லை. ஒரு பஸ்சில வந்து இறங்கக்கூடின இடமாப் பாத்துத்தான் எடுத்தனான்."

அவள் சொன்னது நடந்தது. மகன் சுதன் பாதிச் சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கரைத்தான். மற்றப் பாதி சுவருக்குள் போனது. "ஆள் ஒண்டு, இடம் ரெண்டு. அவ எங்கையெண்டு நிப்பா?" என்று கிரியை செய்த ஐயர் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

2

அவள் போன பிறகு, பின்னேரம் நாலு மணியளவில், வீட்டில் எண்ணெய் காயும் மணம் வரத் தொடங்கியது.

எங்கள் வழக்கத்தில் சாவு நடந்த வீட்டில் அந்த வருடம் பண்டிகைப் பலகாரம் சுடுவதில்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. தெரிந்தவர்களும் தீபாவளிக்குப் பலகாரத் தட்டு அனுப்பமாட்டார்கள். மங்கை இருந்த காலத்தில் இந்தத் தொடர்மாடியில் எட்டு வீட்டுக்குத் தட்டுப் போகும். எட்டும் திரும்பி வரும், வேறு பலகாரத்தோடு. இப்போது என் வீட்டில் பொரிக்கிற எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. நான் அவித்த உருளைக்கிழங்கிலும் பாணிலும் சீவிக்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சமையல்தான் என்று முடிவுசெய்து கட்டட நிர்வாகத்துக்கு முறைப்படி எழுதினேன். ஒருவன் வந்து குசினியின் காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்தான். இது நேரே கூரைக்குப் போகிறது, வேறெந்த வீட்டுக் குழாயோடும் சேரவில்லை என்று எழுதி, கையெழுத்து வைத்துத் தந்தான். அதைக் கோப்பில் போட்டேன். மணம் வந்துகொண்டுதான் இருந்தது. பேய்க்குப் படிவம் இல்லை. படிவம் இல்லாத எதையும் நம்பிப் பழக்கமில்லாதவன் நான். ஆனாலும் நாலு மணிக்குக் குசினிக்குள் போவதை நிறுத்திவிட்டேன்.

இந்த நிலையில்தான் அந்தப் படம் வந்தது.

மங்கையின் பெயருக்கு நேர் கீழே, கல் விளிம்பில், நாலு துண்டுப் பலகாரம். விரல் அளவு, கரும்பழுப்பு நிறம், பாகு காய்ந்த மினுக்கம். ஓரத்தில் ஒரு காகத்தின் பாதி.

மங்கை சிப்பிப் பலகாரம் செய்வாள். கோதுமை மாவைத் தேங்காய்ப்பாலில் குழைத்து, முள்ளுக்கரண்டியின் முதுகில் வைத்து அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகச் சோகி, அதாவது சோழி, போல வரும். பொரித்துச் சீனிப் பாகில் பிரட்டி வைத்தால் ஒரு மாதம் கிடக்கும். படத்தில் வரி தெரிகிறதா என்று கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். தெரியவில்லை. தெரிகிற மாதிரியும் இருந்தது. கதிரையில் இருந்துவிட்டேன். அன்றைக்கு மணம் நாலு மணிக்கு முன்பே வந்தது.

3

மறுநாள் சேமக்காலை அலுவலகத்துக்குப் போனேன். முன்மேசையில் எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி. இங்கே பிறந்தவள். அபி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. நான் வாயைத் திறந்ததும் தமிழுக்கு மாறினாள்.

"ஐ ஆம் ஸோ சொறி, அங்கிள். பட் சிஸ்டத்தில அன்ரியின்ரை பேர்தான் இருக்கு. அவவோடதான் நாங்கள் இதைக் கதைக்கலாம்."

"அவ இறந்திட்டா, பிள்ளை."

"ஓ. அப்ப டெத் சேர்டிபிகேற் ஒண்டு காட்டேலுமா? கன்ஃபேர்ம் பண்ணோணும்."

"அவ உங்கடை சுவருக்குள்ளதான் இருக்கிறா. நீங்கள்தான் வச்சுப் பூட்டினது."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு யன்னலால் சுவர் இருந்த பக்கத்தைப் பார்த்தாள். "அது வேற டிபார்ட்மென்ற், அங்கிள்," என்றாள், உண்மையான வருத்தத்தோடு.

அத்தாட்சிப்படுத்திய பிரதி என் பையில் இருந்தது. அது இல்லாமல் நான் வெளிக்கிடுவதில்லை. அவள் பிரதி எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அங்கிள்தானோ வைக்கிறனீங்கள்?" என்று கேட்டாள்.

"நான் புதன்கிழமைதான் வாறனான். ஒரு பூவோடை."

"கிளீன் பண்ணுற ஆக்கள் இது சனிக்கிழமையில நடக்குதெண்டு சொல்லுறவை."

மங்கை இறந்தது ஒரு புதன்கிழமை. அதனால் புதன்தோறும் போவேன். சனிக்கிழமையில் அந்தச் சுவர்ப் பக்கம் நான் போனதே இல்லை.

4

சனிக்கிழமை காலையில் போய், சுவருக்கு எதிரே இருந்த வாங்கில் உட்கார்ந்தேன். மேப்பிள் இலைகள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. ஒருவரும் இல்லை. யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வந்த பதில் எழுதத் தகுந்ததல்ல.

பத்து மணிபோல ஒரு கிழவி வந்தாள். குள்ளமான உருவம், நீலக் குளிர்ச்சட்டை, கையில் துணிப் பை. மங்கையின் மாடத்துக்குப் பக்கத்து மாடத்தின் முன்னால் நின்றாள். கென்ஜி ஹயாஷி என்று அதில் பெயர் இருந்தது. பையிலிருந்து சின்னத் தட்டம் ஒன்றை எடுத்து, அதில் கரும்பழுப்புத் துண்டுகள் சிலவற்றை வைத்து, விளிம்பில் வைத்தாள். கைகூப்பிக் குனிந்தாள். பிறகு இன்னும் நாலு துண்டை இரண்டு கையாலும் எடுத்து, ஒரு கடதாசியில் மங்கையின் பெயருக்குக் கீழே வைத்து, அங்கேயும் குனிந்தாள்.

எனக்கு ஆறுதல் வந்தது. கூடவே ஏமாற்றமும் வந்தது. இரண்டையும் மறைத்துக்கொண்டு எழுந்து போய் என் பெயரைச் சொன்னேன்.

நாங்கள் பேசியது ஆங்கிலம், அவள் தன் உச்சரிப்பிலும் நான் என் உச்சரிப்பிலும். இங்கே தமிழில் தருகிறேன்.

"நீங்கள் இவருடைய கணவரா?" என்றாள் திருமதி ஹயாஷி. "கோபிக்கவேண்டாம். பக்கத்தில் ஒருவர் இருக்க, என் கணவருக்கு மட்டும் கொடுத்துச் சாப்பிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை."

பக்கத்து வீட்டுக்குக் கொடாமல் பலகாரத்தில் கைவைக்க மங்கையும் விடமாட்டாள். அதைச் சொன்னேன். கிழவி சந்தோஷப்பட்டாள். சற்றுப் பொறுத்து, கணவருக்கு வைத்த தட்டத்தைத் தூக்கி, ஒரு துண்டை எடுத்துக் கறுக்கென்று கடித்தாள்.

நான் திடுக்கிட்டேன். "இறந்தவருக்கு வைத்ததைச் சாப்பிடுவீர்களா?"

"சாப்பிடாமல் விட்டால் அவர் என்ன நினைப்பார்? வைக்கவேண்டும், கொஞ்ச நேரம் விடவேண்டும், பிறகு வீட்டார் இறக்கி எடுத்துச் சாப்பிடவேண்டும். நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"காகத்துக்கு வைப்போம். காகம் எடுத்தால்தான் அவர்கள் எடுத்த மாதிரி."

"காகமா?" அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். "எங்கள் ஊரில் காகம் கள்ளன். அதுக்குப் பயந்துதான் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோவோம்."

"அப்படியானால் என் மனைவிக்கு வைத்ததை ஏன் விட்டுவிட்டுப் போகிறீர்கள்?"

"அது என்னுடையது இல்லையே. உங்கள் வீட்டார்தான் இறக்கவேண்டும். மே மாதத்திலிருந்து வைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை வந்தால் இருக்காது. நீங்கள் வந்து சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன்."

கோடை முழுவதும் அவள் எனக்குப் பலகாரம் தந்திருக்கிறாள். அதைக் காகம் தின்றிருக்கிறது. எங்கள் முறைப்படி மங்கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கிழவியின் முறைப்படி நான் மனைவியின் பங்கைக் கள்ளனுக்கு விட்ட மனிசன். நிர்வாகத்தின் முறைப்படி குற்றவாளி மங்கை.

கடிதத்தைக் காட்டினேன். அவள் மெதுவாக வாசித்தாள். விளிம்பைக் கழற்றுவார்கள் என்ற இடத்தில் விரல் நின்றது.

"கென்ஜிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு," என்றாள். "கடைசி ஆறு வருடம் ஒரு துண்டும் நான் கொடுக்கவில்லை. கடைப் பக்கம் போனால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். இப்போது அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதனால் சனிக்கிழமைகளில் கொடுக்கிறேன்." கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்தாள். "விளிம்பு இல்லாவிட்டால் எங்கே வைப்பது?"

5

அந்த ஜப்பானியப் பலகாரத்தின் பெயர் கரிந்தோ. கோதுமை மாவைக் குழைத்துப் புளிக்கவைத்து, விரல் போல வெட்டி, மெல்லிய நெருப்பில் உள்வரைக்கும் மொறுமொறுக்கப் பொரித்து, கறுத்தச் சர்க்கரைப் பாகில் பிரட்டுவது. கொஞ்சம் இஞ்சியும் சேர்ப்பாளாம். மாவை எண்ணெயில் போட்டு இனிப்பில் பிரட்டாத சாதி ஒன்றை நான் வசிக்கும் ஸ்காபரோவில் இன்னும் காணவில்லை. அஜின்கோர்ட் பிளாசாவில் சீனர்கள் கயிறு போல முறுக்கிப் பொரித்து விற்கிறார்கள். என் மாடியில் இருக்கும் ஈரானியக் குடும்பம் ரோசாப்பூத் தண்ணீர்ப் பாகில் ஊறவைத்துச் சாப்பிடுகிறது. கிரேக்கர் உருண்டையாகப் பொரித்துத் தேன் விடுகிறார்கள். கனடாக்காரர் நடுவில் ஓட்டை போட்டுவிட்டு அதைத் தேசியச் சொத்து என்கிறார்கள். எல்லாரும் தங்கள் தாய்மாருடைய கைப்பக்குவம் என்றுதான் சொல்கிறார்கள். இறந்தவருக்கு வைத்தபின் அதை யார் சாப்பிடுவது என்பதில்தான் ஆளுக்கொரு சட்டம்.

மங்கையின் ஆட்டத்திவசம், முதலாம் வருடத் திதி, வந்தது. ஐயருக்கு நேரமில்லை. படையல் சாப்பாடு கடையிலிருந்து பெட்டியில் வந்தது. சுதன் பக்கத்து நகரமான அஜக்சிலிருந்து வந்து, ஒரு மணித்தியாலம் நின்று, போய்விட்டான். மணம் போகவில்லை.

பிரிவு இருபதின்படி விதிவிலக்குக் கோரலாம். முப்பது நாளில் பதில் தரவேண்டும். மங்கையின் சட்டபூர்வ உரித்தாளன் என்ற வகையில் எழுதினேன்: பார்வையாளர் முன்னிற்கும் நேரம்வரை மட்டும் உணவு வைக்கவும், போகும்போது அவரே எடுத்துச் செல்லவும் அனுமதி வேண்டும், முடிவு வரும்வரை விளிம்பைத் தொடக்கூடாது. திருமதி ஹயாஷி தன் பெயரிலும் ஒன்று அனுப்பினாள். முப்பது நாள் போனது. நினைவூட்டல் அனுப்பினேன். விடயம் குழுவின் பரிசீலனையில் இருப்பதாக அபி தொலைபேசியில் சொன்னாள். குழு எப்போது கூடும்? அதையும் குழுதான் தீர்மானிக்கும்.

சுதன் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான்.

"ஏன் அப்பா உங்களுக்கு உந்த வேலை? ஜஸ்ற் லெற் இற் கோ. அது ஆரோ ஒரு லேடியின்ரை பிரச்சினை."

"அவ அம்மாவுக்கும் வைக்கிறவ."

"அம்மா போயிட்டா அப்பா."

"பாதிதான் போனவ."

அவன் "யூ ஷுட் டோக் ரு சம்படி," என்றான். யாரோடாவது கதைக்கட்டாம். நான் கதைத்துக்கொண்டுதான் இருந்தேன். சனிக்கிழமைதோறும், சுவருக்கு முன்னால்.

மாரிக் குளிர் முழுவதும் திருமதி ஹயாஷி பஸ்ஸில் வந்தாள். விதியை என்னைவிடக் கவனமாகக் கடைப்பிடித்தாள். பலகாரத்தைச் சுட்டுக் கொண்டுவருவாள், பையைத் திறக்கமாட்டாள். மூடிய பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கணவரின் பெயரைப் பார்த்தபடி நிற்பாள். கல்லில் உறைபனி படிந்து, சில நாட்களில் பெயர்களே தெரியாது. அப்போது கையுறையால் கென்ஜியையும் துடைப்பாள், மங்கையையும் துடைப்பாள். விளிம்பு வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையைப் பார்க்க எனக்கு ஏனோ குசினியின் நினைவு வரும்.

6

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை உறைமழை பெய்தது. பஸ் ஓடவில்லை. சுதனைக் கூப்பிட்டேன். வழியில் திருமதி ஹயாஷியையும் ஏற்றிக்கொண்டோம். அவன் காருக்குள்ளேயே போனோடு இருந்துவிட்டான். நாங்கள் இரண்டுபேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, வழுக்கி வழுக்கிச் சுவருக்குப் போனோம்.

அவள் வழக்கம்போலப் பையை மூடிப் பிடித்தபடி நின்றாள்.

"கடைசி வருடம் அவர் இப்படித்தான் இருப்பார்," என்றாள் பிறகு. "நான் கடையிலிருந்து வந்தால் கேட்கமாட்டார். பையைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். இப்போதும் அப்படித்தான் பார்க்கிறார்."

"திறவுங்கள்," என்றேன்.

"பதில் வந்துவிட்டதா?"

"இல்லை."

"பிடித்தால்?"

"முதல் அறிவித்தல் என் மனைவிக்கு வந்தது. இரண்டாவதை நான் வாங்குகிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பையைத் திறந்தாள். தட்டத்தைக் கென்ஜிக்கு வைத்தாள், நாலு துண்டை மங்கைக்கு வைத்தாள். மழை விளிம்பில் தெறித்துக்கொண்டிருந்தது. குனிந்து எழும்பி, கொஞ்ச நேரம் நின்று, "போதும், இறக்கலாம்," என்றாள்.

என் கை போகவில்லை. காகத்துக்கு முன்னால், படைத்த எதையும் நான் வாயில் வைத்ததில்லை. மரங்களைப் பார்த்தேன். அந்த மழையில் ஒரு காகமும் இல்லை. ஒரு துண்டை எடுத்தேன். பனிக்கட்டிபோலக் குளிர்ந்திருந்தது. கடித்த சத்தம் சுவரில் பட்டு வந்தது. சர்க்கரை கருகின மெல்லிய கசப்பு, பிறகு இஞ்சி. மங்கையின் கை அதில் இல்லை. இருக்கும் என்று, இத்தனை மாதமும், மனதின் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

பின்னால் காலடி கேட்டது.

"அப்பா, வட் ஆர் யூ டூயிங்?"

"அம்மாவின்ரை பங்கு," என்றேன். "வீட்டாக்கள்தான் தின்னோணுமாம்."

சுதன் விளிம்பில் இருந்த மற்ற மூன்றையும் பார்த்தான். தாயின் பெயரைப் பார்த்தான். திருமதி ஹயாஷி அவனுக்கு இடம் விட்டு விலகி நின்றாள். அவன் கையுறையைக் கழற்றி ஒன்றை எடுத்துக் கடித்தான். மென்று முடிக்க நேரம் எடுத்தது.

"அம்மா செய்யிற மாதிரி இல்லை."

"இல்லை."

"அவ ஏலக்காய் போடுறவ."

எனக்கு அது மறந்துபோயிருந்தது. ஒன்றரை வருடமாக அந்தச் சிப்பியையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு ஏலக்காய் மறந்துபோயிருந்தது. அவனுக்கு மறக்கவில்லை. இன்னொரு துண்டையும் எடுத்து, பாதியாக முறித்து, ஒரு பாதியை என்னிடம் நீட்டினான். திருமதி ஹயாஷி கணவருடைய தட்டத்தை முடித்து, தூள்களைக் கடதாசியில் கூட்டி மடித்தாள்.

கடைசித் துண்டை நான் சட்டைப் பையில் வைத்தேன். காருக்குப் போகும்போது வாசலைத் தாண்டி, வேலிக்கு வெளியே, பனிக் குவியலின் மேல் வைத்தேன். பிரிவு பதினொன்று அங்கே செல்லாது. கிழவி பார்த்தாள்.

பதில் வந்தது. பார்வையாளர் முன்னிற்கும்வரை உணவு வைக்கலாம், போகும்போது எடுத்துவிடவேண்டும், விளிம்பு இருக்கும். கடிதத்தில் இருந்த திகதி அந்தச் சனிக்கிழமைக்கு முதல் நாள். அனுமதி எழுதிய நாளிலிருந்து செல்லாது, உரியவர் கையில் கிடைத்த நாளிலிருந்தே செல்லும் என்று கச்சேரியில் எத்தனையோ பேருக்கு நானே எழுதியிருக்கிறேன். ஆகவே அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டது அனுமதியில்லாமல்தான். கடிதம் என் கைக்குக் கிடைத்தது அடுத்த செவ்வாய்க்கிழமை.